பழைய தோட்டா அச்சில் எதைப் பார்த்து வாங்குவது?

உருக்கிய ஈயத்தை ஊற்றித் தோட்டாவின் குண்டை வார்க்கும், அமெரிக்காவின் லைமன் நிறுவனம் செய்த பழைய இரும்பு அச்சு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வெளியே துரு, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளித்துருவுக்குப் பயப்பட வேண்டாம், எண்ணெய் போட்டுத் தேய்த்தால் போய்விடும். உங்கள் பார்வை ஈயம் நிரம்பும் குழியின் உள்ளே இருக்கட்டும். அங்கே துரு அரித்து ஊசிமுனை அளவு பள்ளம் விழுந்திருந்தாலும், வார்க்கும் ஒவ்வொரு ஈயக்குண்டிலும் அது பருப்போல எழும். குண்டும் அச்சிலிருந்து விழாமல் அடம்பிடிக்கும். அப்படிப்பட்டதை விட்டுவிடுங்கள்.

அப்புறம் அச்சின் இரண்டு பாதியையும் மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் உடனே ஒதுக்காதீர்கள். பல நேரம் பாதிகள் ஒன்றோடொன்று சேரும் முகப்பில் ஒட்டிய ஈயத் துணுக்குதான் காரணம். சூடாக்கித் துடைத்தால் வந்துவிடும். குழியின் விளிம்பு அடிபட்டு மழுங்கியிருந்தால் வேண்டாம். ஈயம் ஊற்றும் துளையுள்ள மேல்தகடு வளையாமல் படிகிறதா என்பதையும் பாருங்கள்.