அமெரிக்கக் கல்லூரிப் போராட்டங்களும் இதழியல் படிக்கப் போகும் மகளும்: ஒரு அம்மாவுக்குப் பதில்

அம்மா, வணக்கம்.

வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய மூன்று வீடியோக்களையும் பார்த்துவிட்டேன். கூடவே ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "இந்த ஊருக்கா சார் என் பொண்ணை அனுப்பணும்?" பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். வீடியோக்களிலிருந்தே தொடங்குகிறேன். மகள் படிக்கப் போவது இதழியல் என்பதால் அதுதான் சரி.

முதல் வீடியோவில் புல்வெளிக் கூடாரங்களைப் போலீஸ் பிரிக்கிறதே, அது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம், 2024 ஏப்ரல் 18. காஸா போரை எதிர்த்து மாணவர்கள் கூடாரம் போட்ட மறுநாளே நூறு பேருக்கு மேல் கைது. இரண்டாவது, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யுசிஎல்ஏ பல்கலைக்கழகம். ராத்திரி நேரம், வெடி வெடிக்கிறது, கம்போடு ஆட்கள் ஓடுகிறார்கள். "கலவரம் செய்யும் போராட்ட மாணவர்கள்" என்று யாரோ தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நடந்தது தலைகீழ். 2024 ஏப்ரல் 30 இரவு போராட்டக் கூடாரத்தை எதிர்த்தரப்புக் கும்பல் வந்து தாக்கியது. போலீஸ் தலையிடுவதற்குள் பல மணி நேரம் ஓடிவிட்டது. அங்கே செய்தி சேகரிக்க நின்ற மாணவர் நாளிதழ் நிருபர்கள் நான்கு பேரும் அடி வாங்கினார்கள்.

மூன்றாவதில் வரும் கருப்பு வெள்ளைப் படம்தான் உங்களை உலுக்கிவிட்டது என்று நினைக்கிறேன். தரையில் ஒரு பையன் குப்புறக் கிடக்கிறான், பக்கத்தில் ஒரு பெண் மண்டியிட்டுக் கையை விரித்து அலறுகிறாள். அது 1970 மே 4, ஓஹயோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம். உங்கள் மகள் பிறப்பதற்கு முப்பது வருடம் முந்திய படத்தை இன்றைய வீடியோவோடு ஒட்டி, சோக இசை போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நம் குடும்பக் குரூப்களில் இதற்கா பஞ்சம்!

ஆனால் அந்த மே 4-ஐக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், அமெரிக்காவைப் புரிந்துகொள்ள உதவும். வியட்நாம் போரைக் கம்போடியாவுக்குள்ளும் கொண்டுபோவதாக அதிபர் நிக்சன் ஏப்ரல் 30 அன்று அறிவித்தார். கல்லூரிகள் கொதித்தன. கென்ட் ஸ்டேட்டில் தேசியக் காவல் படை 13 நொடிகளில் 67 முறை சுட்டது. 4 மாணவர்கள் இறந்தார்கள், 9 பேருக்குக் காயம். இறந்த நால்வரில் இருவர் போராட்டத்திலேயே இல்லை, வகுப்பு மாறிப் போய்க்கொண்டிருந்தவர்கள். நாடே அந்தப் பிள்ளைகளுக்காக அழுதிருக்கும் என்றுதானே நினைப்போம்? அப்போது கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 58 சதவீதம் பேர் மாணவர்கள் மீதே பழி போட்டார்கள். படை மீது தப்பு என்றவர்கள் 11 சதவீதம். நான்கே நாளில், மே 8 அன்று, நியூயார்க்கில் ஊர்வலம் போன மாணவர்களைக் கட்டடத் தொழிலாளர்கள் அடித்து விரட்டினார்கள். கல்லூரியில் இருந்த பையன்கள் படிப்பைக் காட்டிக் கட்டாய ராணுவ சேவையைத் தள்ளிப்போட முடிந்தது. உழைப்பாளி வீட்டுப் பையன்கள்தான் அதிகம் போர்முனைக்குப் போனார்கள். அந்தக் கோபமும் அதில் இருந்தது.

ஆகவே இந்தப் பிளவு செல்போன் வந்து உண்டாக்கியதல்ல. மாறியது செய்தி வந்துசேரும் வழி. அன்று வீட்டுக்கு வீடு மூன்றே தேசியத் தொலைக்காட்சிகள். 1968 பிப்ரவரியில் அவற்றில் ஒன்றான சிபிஎஸ்ஸின் செய்தி வாசிப்பாளர் வால்டர் கிராங்கைட் வியட்நாமுக்குப் போய்வந்து, இந்தப் போர் யாரும் ஜெயிக்காத இழுபறியில்தான் முடியும் என்று சொன்னபோது, போரை ஆதரித்தவர், எதிர்த்தவர் எல்லோர் காதிலும் அதே குரல்தான் விழுந்தது. சர்ச்சையான விஷயத்தில் இரு தரப்பையும் காட்ட வேண்டும் என்று வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்கு இருந்த விதியை 1987-இல் எடுத்துவிட்டார்கள். 1996-இல் வலதுபக்கம் சாய்ந்த ஃபாக்ஸ் நியூஸ், பின்னாளில் இடதுபக்கம் சாய்ந்த எம்எஸ்என்பிசி என்ற இரண்டு செய்திச் சேனல்களும் வந்தன. இன்று ஒரே கூடாரத்தை ஒரு சேனல் யூத மாணவர்களை மிரட்டும் முகாம் என்கிறது, இன்னொன்று மனசாட்சியின் குரல் என்கிறது. மிரட்டப்பட்டதாகச் சொன்ன யூத மாணவர்களும் உண்டு, கூடாரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்த யூத மாணவர்களும் உண்டு. இரண்டு பேரையும் ஒரே செய்தியில் பார்ப்பதுதான் அபூர்வம்.

உங்கள் மகளின் தொழில் அந்த அபூர்வத்தைச் செய்வது. 2024 ஏப்ரல் 30 இரவு கொலம்பியாவில் மாணவர்கள் புகுந்திருந்த ஹாமில்டன் ஹாலுக்குள் போலீஸ் நுழைந்தது. வெளி ஊடகங்களுக்கு அனுமதி இல்லை. உள்ளே நடப்பதை உலகத்துக்குச் சொன்னது மாணவர்களே நடத்தும் டபிள்யூகேசிஆர் வானொலியும் அவர்களுடைய செய்தித்தாளும்தான். இதே கட்டடத்திலிருந்து 1968-இல் போலீஸ் மாணவர்களை வெளியேற்றியதும் இதே ஏப்ரல் 30 தான். 2024-இன் அந்த நாட்களில் மாணவ நிருபர்கள் செய்த வேலையை, இதழியலின் உயர்ந்த பரிசான புலிட்சர் பரிசின் குழுவே அறிக்கை விட்டுப் பாராட்டியது. மகள் ஏன் அங்கே படிக்க ஆசைப்படுகிறாள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இனி பயப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

அமெரிக்கத் தோழி ஒருத்தியும் உங்கள் மகளும் ஒரே கூட்டத்தில் நிற்கிறார்கள் என்று வையுங்கள். கலைந்து போகச் சொல்லி அறிவிப்பு வருகிறது, இருவரும் போகவில்லை, இருவரையும் கல்லூரி சஸ்பெண்ட் செய்கிறது. தோழி வீட்டுக்குப் போய் அடுத்த செமஸ்டர் வருவாள். உங்கள் மகள் இருப்பது எஃப்-1 என்னும் மாணவர் விசாவில். முழுநேரமாகப் படிக்கவில்லை என்றாலே செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களை அமெரிக்க அரசு கண்காணிக்கும் கணினித் தளம்) பதிவு போய்விடும், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஒரே செயலுக்கு இரண்டு விலை. கருத்துச் சுதந்திரம் அங்கே வசிக்கும் வெளிநாட்டவருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1945-லேயே சொன்னது. பாலஸ்தீன ஆதரவுப் பேச்சுக்காக வெளிநாட்டு மாணவர்களைக் குறிவைத்தது சட்டவிரோதம் என்று பாஸ்டனில் ஒரு கூட்டாட்சி நீதிபதி 2025 செப்டம்பரில் தீர்ப்பளித்தார். நல்லதுதான். ஆனால் கோர்ட்டில் வழக்கு முடியும்வரை செமஸ்டர் காத்திருக்காது.

2025 வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவு திடீரென்று ரத்தானது. அதில் நிறையப் பேருக்குப் போராட்டத்தோடு சம்பந்தமே இல்லை, பழைய டிராஃபிக் கேஸ் போன்ற சில்லறை விஷயங்கள். வழக்குகள் குவிந்த பிறகு ஏப்ரல் கடைசியில் திருப்பிக் கொடுத்தார்கள். இதற்காக நான் சொல்வது ஒன்றுதான்: போய் இறங்கிய முதல் வாரத்திலேயே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் தன்னுடைய டிஎஸ்ஓ, அதாவது செவிஸ் பதிவைக் கவனிக்கும் கல்லூரி அலுவலர், யார் என்று மகள் நேரில் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும். நல்ல குடியேற்ற வக்கீல் ஒருவரின் நம்பரும் போனில் இருக்கட்டும்.

சமூக ஊடகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போன வருடம் என்னிடம் வந்த ஒரு அப்பா, விசா இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி மகனின் இன்ஸ்டாகிராம் கணக்கையே அழிக்க வைத்துவிட்டார். படிவத்தில் அந்தக் கணக்கை ஏற்கெனவே எழுதியாயிற்று! பையன் கவுன்ட்டரில் விழித்துக்கொண்டு நின்று, விசா முடிவை நிறுத்திவைக்கும் 221(ஜி) சீட்டோடு வெளியே வந்தான். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் கடந்த ஐந்து வருடக் கணக்குகளை 2019 முதலே கேட்கிறார்கள். 2025 ஜூனிலிருந்து மாணவர்கள் அவற்றை யாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். எனவே உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பழைய பதிவுகளை மகளே உட்கார்ந்து படித்துப் பார்க்கட்டும், எதையாவது கேட்டால் நிதானமாகப் பதில் சொல்ல முடியவேண்டும்.

"அரசியலே பேசமாட்டேன்" என்று மகளிடம் சத்தியம் வாங்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம் அம்மா. சத்தியம் பண்ணிவிட்டு இதழியல் வகுப்பில் வாயை மூடிக்கொண்டு உட்கார முடியுமா? ஈராக் போருக்கு முன்னால் அரசு சொன்ன ஆயுதக் கதைகளைப் போதிய சந்தேகத்தோடு விசாரிக்கவில்லை என்று நியூயார்க் டைம்ஸே 2004-இல் ஒப்புக்கொண்டது. அங்கே வகுப்பில் இதெல்லாம் பாடம். விவாதிக்கட்டும், எழுதட்டும், அனுமதி பெற்ற கூட்டங்களைக் கேட்கட்டும். கலையச் சொன்ன பிறகு அங்கே நிற்கக் கூடாது, கட்டடத்துக்குள் புகும் வேலைக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது. நிருபர் அட்டை காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். 2024 மே 1 அன்று டார்ட்மத் கல்லூரியில் செய்தி சேகரித்த இரண்டு மாணவ நிருபர்களையே கைது செய்தார்கள், வழக்கைப் பிறகுதான் கைவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் போராட்டத்தைவிடப் பெரிய கவலை உங்கள் கல்விக் கடன். அமெரிக்காவில் 2005-க்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட செய்தித்தாள்கள் மூடிவிட்டன. உள்ளூர்ப் பத்திரிகை இல்லாத இடத்தில் மக்களுக்கு மிஞ்சுவது கத்துகிற சேனல்கள்தான், பிளவுக்கு அதுவும் ஒரு காரணம். மகளுக்கோ அது வேலைச் சந்தை. இதழியல் பட்டத்துக்குப் பொதுவாக ஓபிடி (படிப்பைச் சார்ந்து அங்கே வேலை பார்க்கும் அனுமதி) 12 மாதம்தான், அதில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்க முடியாது. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பென்றால் இன்னும் 24 மாதம் கிடைக்கும். சில பல்கலைக்கழகங்களில் டிஜிட்டல் ஊடகம், தரவு சார்ந்த இதழியல் என்று நடத்தும் படிப்புகள் அந்தப் பட்டியலில் வரக்கூடும். பல்கலைக்கழகம் விசாவுக்காகக் கொடுக்கும் ஐ-20 படிவத்தில் படிப்புக்குப் பக்கத்தில் ஆறு இலக்க சிஐபி எண், அதாவது படிப்பின் வகையைக் காட்டும் குறியீடு, இருக்கும். பேரைப் பார்க்காதீர்கள், அந்த எண்ணைப் பாருங்கள்.

வரும் சனிக்கிழமை காலை மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஐ-20, வங்கி கொடுத்த கடன் கடிதம் இரண்டும் கையில் இருக்கட்டும். அதுவரை அந்த இரண்டாவது வீடியோவை மகளிடம் கொடுத்து, யார் எடுத்தது, எந்த இரவு, வெடியை வீசியது எந்தப் பக்கம் என்று தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நான் மேலே எழுதியதை முன்கூட்டியே காட்டிவிடாதீர்கள்.