ஏர் பெட் வாங்கியாச்சு. பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஆச்சிக்கு இனி படுக்கைப் புண் வராதா?

மெத்தை பாதி வேலைதான் செய்யும். அதில் படுத்திருந்தாலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.

வெயிலுக்குக் குளிர்ச்சி என்று ஏர் பெட் மேல் பத்தமடைப் பாயை விரிக்காதீர்கள். காற்றறைகள் ஏறி இறங்குவது உடம்புக்கு எட்டாமல் போகும். சுருக்கமில்லாத ஒரே பருத்தி விரிப்பு போதும். காற்றைச் சோதிக்க, இடுப்புக்கு நேராக மெத்தையின் அடியில் உள்ளங்கையை நுழையுங்கள். உடம்பு கையில் தட்டினால் காற்று குறைவு; கைக்கும் உடம்புக்கும் நடுவே 1 அங்குலக் காற்றாவது வேண்டும்.

முழுக்க ஒருக்களித்துக் கிடத்தினால் இடுப்பெலும்பின் முனை அழுந்தும். முதுகுக்குப் பின் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்கால் நீளத்துக்கு இன்னொரு தலையணை. குதிகால் எதிலும் படக்கூடாது. சாப்பாட்டு நேரம் தவிர, தலைமாட்டை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தினால் ஆள் கீழே சறுக்குவார். எலும்பு ஒரு பக்கமும் தோல் மறுபக்கமும் இழுபட்டு, வாலெலும்பு அருகே உள்ளுக்குள்ளேயே சதை கெடும். மேலே ஏற்றும்போதும் அக்குளைப் பிடித்து இழுக்காமல், இரண்டு பேர் விரிப்போடு தூக்குங்கள்.

பிட்டத்துக்கு அடியில் வைக்கும் ரப்பர் வளையம் வேண்டவே வேண்டாம். அதன் விளிம்பே ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

சக்கர நாற்காலியில் கால்மிதி உயரமாக இருந்தால் பாரம் முழுதும் பிட்டத்தில் இறங்கும். தொடை இருக்கையில் முழுதாகப் படியுமாறு மிதியைத் தாழ்த்துங்கள். அரை மணிக்கு ஒருமுறையாவது முன்னோக்கிச் சாய வையுங்கள்.

தினமும் தோலைப் பாருங்கள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடு, கெட்டித்தன்மையைத் தொட்டுப் பாருங்கள். அழுத்தினாலும் நிறம் வெளிறாத இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், பாரமும் ஏற்றாதீர்கள். தோல் உரிந்துவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்கள் வீட்டுக்கு வந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்.