ரஷ்ய ஆவணத்தில் கிலோவாட்டைப் படிப்பது எப்படி?

கேள்வி: மின்பொறியியலில் டிப்ளமோ முடித்துவிட்டு, கூடங்குளம் அணுமின் நிலையத்தில் பணி எடுத்திருக்கும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். நான்கு மாதமாக ரஷ்ய மொழி படிக்கிறேன். எழுத்துக்கூட்டி வாசிக்க வருகிறது. ஆனால் வாட், கிலோவாட், கே.வி.ஏ. (கிலோவோல்ட்-ஆம்பியர்) வரும் இடங்களில் தடுமாறுகிறேன். நான் சொன்னால் ஆசிரியர் திருத்துகிறார், ஏன் என்று பிடிபடவில்லை. இந்தச் சொற்களை எப்படிப் படிப்பது?

பதில்: அலகுகளின் பெயர்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான். வாட், வோல்ட், ஆம்பியர் எல்லாம் ரஷ்ய மொழியிலும் அதே பெயர்கள்தான். தடுமாற்றம் வருவது எழுத்தின் உருவத்திலும், எண்ணுக்குப் பின்னால் சொல் மாறுவதிலும். அதனால் அலகைத் தனிச்சொல்லாக மனப்பாடம் செய்யாதீர்கள். முன்னால் வரும் எண்ணோடும் சொல்லோடும் சேர்த்தே படியுங்கள்.

முதலில் எழுத்து. ஆங்கிலத்தில் வோல்ட்டுக்கு ‘வி’, வாட்டுக்கு ‘டபிள்யூ’ என்று இரண்டு எழுத்து உண்டு. ரஷ்ய மொழியில் இரண்டுமே ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. பார்க்க ஆங்கில ‘பி’ (B) மாதிரி இருக்கும், ஒலி ‘வ’. அந்த எழுத்து தனியாக நின்றால் வோல்ட். பக்கத்தில் சின்ன ‘த’ எழுத்து ஒட்டியிருந்தால் வாட். கிலோவோல்ட்டுக்கும் கிலோவாட்டுக்கும் அந்த ஒரு எழுத்துதான் வித்தியாசம். போதாக்குறைக்கு, சாய்வெழுத்திலும் கையெழுத்திலும் அந்தச் சின்ன ‘த’ ஆங்கில ‘எம்’ போல வளைந்துவிடும். பழைய வரைபடங்களில் ‘பி’யும் ‘எம்’மும் சேர்ந்தாற்போல ஏதாவது தெரிந்தால், அது வாட்தான்.

இன்னொன்று, மெகாவுக்கும் மில்லிக்கும் ஒரே எழுத்து. பெரியது மெகா, சிறியது மில்லி. ஆங்கில அச்சில் பெரிய ‘எம்’முக்கும் சின்ன ‘எம்’முக்கும் உருவமே வேறு. ரஷ்ய அச்சில் உருவம் ஒன்றே, அளவு மட்டும் குறையும். மங்கலான நகலில் ஏமாந்துபோவது சுலபம், நூறு கோடி மடங்கு பிழை அது. கிலோவாட்-மணியின் கடைசியில் வரும் ‘ச்ச’ எழுத்தோ அப்படியே எண் 4 போல இருக்கும். அது ‘ச்சாஸ்’, அதாவது மணி.

உச்சரிப்பில் நமக்கு ஒரு சலுகை இருக்கிறது. தமிழில் ‘வாட்’ என்று நாவை மடித்துச் சொல்கிறோம். ரஷ்ய ‘த’ நம்முடைய ‘த்’ போலவே பல்லைத் தொடும் ஒலி. ஆகவே ‘வாத்’ என்று சொல்லுங்கள். அழுத்தம் கடைசி அசையில் விழுவதால் முன்னால் உள்ள உயிர்கள் தளர்ந்து ‘கிலவாத்’, ‘மிகவாத்’ என்று காதில் விழும். ‘கிலோ’ என்று எதிர்பார்த்துக் காத்திருந்தால் சொல் கடந்துபோய்விடும்.

உங்கள் ஆசிரியர் திருத்துவது அநேகமாக எண்ணுக்குப் பின்னால் வரும் விகுதியைத்தான். ரஷ்யப் பெயர்ச்சொற்கள் ஒன்றுக்கு ஒரு வடிவம், இரண்டு முதல் நான்கு வரை வேறு, ஐந்து முதல் இன்னொன்று என்று மாறும். வாட், வோல்ட், ஆம்பியருக்கு இது எளிது. ஒன்றுக்கும் ஐந்துக்கும் ஒரே வடிவம்: ‘அதீன் வாத்’, ‘ப்யாத் வாத்’. எண் 2, 3, 4-இல் முடிந்தால் மட்டும் ‘ஆ’ சேரும்: ‘த்வா வாத்தா’. 12, 13, 14 இதற்கு விலக்கு, அவற்றுக்கு வெறும் ‘வாத்’. எண்ணில் தசமப் பகுதி இருந்தாலும் ‘வாத்தா’. ஐந்துக்கு ‘வாத்தவ்’ என்று சொல்லத் தோன்றும், இலக்கணப் புத்தகத்தின் பொது விதி அப்படித்தான் இழுக்கும். தொழில் பேச்சில் அது பிழை. ஆனால் மணி பொது விதிப்படியே போகும்: ‘ப்யாத் கிலவாத்-ச்சிஸோஃப்’.

தசமம் என்றதும் ஒரு எச்சரிக்கை. ரஷ்யர்கள் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி போடுவார்கள். 1,500 மெகாவாட் என்றிருந்தால் அது ஒன்றரை மெகாவாட். ஆயிரத்து ஐந்நூறு என்றால் நடுவில் இடைவெளிதான் விடுவார்கள்.

அப்புறம், அலகுக்கு முன்னால் வரும் சொல். திறனுக்கு ரஷ்யச் சொல் ‘மோஷ்னஸ்த்’. பள்ளியில் படித்த விசை, ஆற்றல், திறன் என்ற மூன்றையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: முறையே ‘சீலா’, ‘எனெர்கியா’, ‘மோஷ்னஸ்த்’. பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் ‘பவர்’ என்று சொல்லிப் பழகியவர்கள்தான் இங்கே குழம்புகிறார்கள். தமிழ்ப் பாடநூலின் பிரிவினை அப்படியே பொருந்தும். குதிரைத்திறன் மட்டும் விலக்கு, அதை ‘லஷதீனயா சீலா’ என்கிறார்கள், குதிரை விசை என்று பொருள். அதன் அளவும் வேறு: ஏறக்குறைய 735.5 வாட். நம் ஊர் பம்ப்செட்டின் எச்.பி. 746 வாட்.

மின்மாற்றியின் பெயர்ப்பலகையில் ‘போல்னயா மோஷ்னஸ்த்’ என்று இருக்கும். ‘போல்னயா’ என்றால் ‘முழு’ என்பதால் பலரும் அதை முழுச்சுமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே அது தோற்றத் திறன், கே.வி.ஏ.வில் அளப்பது. ‘அக்தீவ்னயா’ (ஆக்டிவ்) வாட்டிலும், ‘ரிஅக்தீவ்னயா’ (ரியாக்டிவ்) ‘வார்’ என்ற அலகிலும் வரும். சந்தேகம் வந்தால் அலகைப் பாருங்கள், அதுவே பொருளைச் சொல்லிவிடும். அணு உலை ஆவணத்தில் ‘தெப்லவாயா’ (வெப்ப), ‘எலிக்த்ரீச்சிஸ்கயா’ (மின்) என்ற அடைமொழியைத் தவறவிடவே கூடாது. கூடங்குளத்தில் இயங்கும் வி.வி.இ.ஆர்-1000 உலையின் வெப்பத்திறன் 3000 மெகாவாட், மின்திறன் 1000. வரைபடத்தில் மின்னழுத்தத்துக்கு ஆங்கில ‘யூ’ எழுத்து நிற்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்களில் இந்தச் சொல் ‘மோஷ்னஸ்த்யு’ என்ற வடிவத்தில்தான் அடிக்கடி வரும். அது தமிழின் மூன்றாம் வேற்றுமை போன்றது, நம்முடைய ‘ஓடு’ மாதிரி. ‘துர்பீனா மோஷ்னஸ்த்யு 1000 மிகவாத்’ என்றால் 1000 மெகாவாட் திறனோடு கூடிய டர்பைன். இந்த ஒரு வடிவம் பழகிவிட்டால் பாதி வாக்கியங்கள் திறந்துகொள்ளும்.

பயிற்சிக்கு, தினமும் ஒரு பெயர்ப்பலகையை எண்களோடு சத்தமாக வாசியுங்கள். தளத்தில் அதை ‘ஷீல்திக்’ என்பார்கள். பலகை கிடைக்காத நாளில் யெனிசெய் ஆற்றின் சயானா-ஷூஷென்ஸ்கயா நீர்மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 10 எந்திரங்கள், ஒவ்வொன்றும் 640 மெகாவாட், மொத்தம் 6400. முதலில் 640-ஐச் சொல்லுங்கள்: ‘ஷிஸ்ஸோத் சோரக் மிகவாத்’. பிறகு எண்ணை 642 ஆக்குங்கள், ‘மிகவாத்தா’ வர வேண்டும். உடனே 612 சொல்லுங்கள், மறுபடி ‘மிகவாத்’. யோசிக்காமல் வாயில் வரும்வரை சொல்லுங்கள்.