ஸ்பானிய மொழியில் பெண்களை மரியாதையாக அழைப்பது: கேள்வி பதில்

கேள்வி: செஞோரா, தோஞா இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இரண்டும் மரியாதைதான், ஆனால் சேரும் பெயர் வேறு. செஞோரா குடும்பப்பெயரோடு வரும்: செஞோரா கார்சியா. தோஞா முதல் பெயரோடு வரும்: தோஞா மரியா. ‘தோஞா கார்சியா’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மரியா கார்சியா லோப்பெஸ் என்று இரண்டு குடும்பப்பெயர் இருந்தால், அழைப்பதற்கு முதலாவதையே எடுக்க வேண்டும். ஸ்பெயினில் திருமணத்துக்குப் பிறகும் பெண்ணின் குடும்பப்பெயர் மாறாது. கணவர் பெயரை ஒட்டி அழைப்பது அங்கே பழங்காலத்து வழக்கம்.

நேரில் அழைக்கும்போது வெறும் ‘செஞோரா கார்சியா’. அவரைப் பற்றி வேறொருவரிடம் பேசும்போது ‘லா செஞோரா கார்சியா’. தோஞாவுக்கு முன்னால் இந்த ‘லா’ வராது.

கேள்வி: ‘செனோரா’ என்று சொன்னால் போதாதா அக்கா?

பதில்: போதாது. மேலே அலைக்கோடு போட்ட ñ எழுத்தின் ஒலி, நம் ‘ஞானம்’ என்பதில் வரும் ஞ. தமிழ் நாவுக்கு இது இயல்பாகவே வரும்.

கேள்வி: உஸ்தெத் என்றால் ‘நீங்கள்’. அப்படியானால் வினை பன்மையா?

பதில்: நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். வினை படர்க்கை ஒருமை. ‘வுயெஸ்த்ரா மெர்செத்’, அதாவது ‘தங்கள் கருணை’ என்ற பழைய மரியாதைத் தொடர் தேய்ந்துதான் உஸ்தெத் ஆனது. ‘தங்கள் கருணை வருகிறது’ என்பதைப் போல வினை அமையும். எனவே ‘கோமோ எஸ்தா?’ என்று கேளுங்கள். ‘எஸ்தாஸ்’ என்றால் ‘நீ எப்படி இருக்கிறாய்’ ஆகிவிடும். உட்காரச் சொல்ல ‘சியென்தெசே’, ‘சியென்ததே’ அல்ல. ‘உங்கள்’ என்பதற்கு ‘சு’, ‘து’ அல்ல. வாய் நிறைய செஞோரா என்று அழைத்துவிட்டு வினையில் ‘நீ’க்கு இறங்கினால் மரியாதை அங்கேயே உடைகிறது.

ஸ்பெயினில் பலர் சீக்கிரமே ‘தூ’ (நீ) என்றே பேசச் சொல்வார்கள்; அவர்கள் சொன்ன பிறகு மாறிக்கொள்ளுங்கள். கொலம்பியாவில் பல வீடுகளுக்குள்ளேயே உஸ்தெத் புழங்குகிறது. பொயாகா பகுதியில் ‘சுமெர்செ’ என்று பாசமும் மரியாதையும் கலந்து அழைப்பார்கள்.

கேள்வி: இளம்பெண்ணை செஞோரித்தா எனலாமா?

பதில்: மெக்சிகோவில் கடையிலோ வங்கியிலோ பணியில் இருப்பவரை அப்படி அழைப்பது சாதாரணம். ஸ்பெயினில் தவிர்ப்பது நல்லது, அது மணமாகாதவரைக் குறிக்கும் சொல். ஆணின் மணநிலையை எந்த அழைப்பும் கேட்பதில்லை, பெண்ணுடையதை மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுவானது, நியாயமானதும்கூட. வயது வந்த எல்லோருக்கும் செஞோரா பொருந்தும்.

கேள்வி: ‘மேடம்’?

பதில்: வேண்டாம். அதை ஸ்பானிய மொழிக்கு இழுத்து ‘மதாமா’ என்றால், விபசார விடுதி நடத்துபவர் என்ற பொருளும் உண்டு.

கேள்வி: பதவியைச் சொல்லி அழைக்கலாமா?

பதில்: மருத்துவருக்கு தொக்தோரா. மெக்சிகோ அலுவலகங்களில் பட்டதாரிக்கு லிசென்சியாதா, பொறியாளருக்கு இன்ஹெனியேரா. துறவியருக்கு சோர், கூடவே முதல் பெயர்.

கேள்வி: மின்னஞ்சலை எப்படித் தொடங்குவது?

பதில்: ‘எஸ்திமாதா செஞோரா கார்சியா’ என எழுதி முக்காற்புள்ளி இடுங்கள், ஆங்கிலப் பழக்கத்தில் காற்புள்ளி போடுவது தவறு. செஞோராவை முழுதாக எழுதினால் முதலெழுத்து சிறியது. சுருக்கினால் பெரியது, முடிவில் புள்ளி. ‘எஸ்திமாதோ’ ஆணுக்கு உரியது. பழைய கடிதத்தைப் படியெடுக்கும்போது அந்த ஓர் எழுத்தைச் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.