வெளிப்புற கேஸ் ஹீட்டரில் குமிழை விட்டதும் சுடர் அணைந்துவிடுவது ஏன்?

யாரோ கழித்துப்போட்ட ஹீட்டரை எடுத்து வந்தவர்கள் அதிகம் கேட்பது இதுதான். பெரும்பாலும் காரணம் தெர்மோகப்பிள். பைலட் எனும் சிறு சுடரில் நுனி படும்படி நிற்கும் மெல்லிய உலோகக் குச்சி அது.

இரு வேறு உலோகங்கள் சேரும் இடம் சூடானால் கொஞ்சம் மின்சாரம் பிறக்கும். இங்கே சுமார் 20 முதல் 30 மில்லிவோல்ட். குமிழை விட்டபின் வால்வைத் திறந்தபடி பிடித்து வைக்க, அதற்குள் இருக்கும் மின்காந்தத்துக்கு அது போதும். சுடர் அணைந்தால் மின்சாரம் நிற்கும், வால்வு மூடும், கேஸ் கசியாது. கதவை ஒருவர் கையால் பிடித்துக்கொண்டிருப்பது போல: கை தளர்ந்தால் கதவு தானே சாத்திக்கொள்ளும்.

சரி, என்ன செய்வது? சிலிண்டரை மூடி, ஹீட்டர் ஆறியபின் நுனியிலுள்ள கரியை மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். வால்வோடு சேரும் மரையையும் பாருங்கள். பைலட் துளையில் சிலந்தி வலை அடைத்திருந்தால் (சும்மா கிடந்த ஹீட்டரில் இது சகஜம்) சுடர் சிறுத்து நுனியை எட்டாது. அப்புறம், சாய்ந்தால் அணைக்கும் சுவிட்ச் பழுதானாலும் இதே கோளாறுதான். மீண்டும் பற்றவைக்கும் முன் இணைப்புகளில் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு.

பலர் நினைப்பதுபோல் தெர்மோகப்பிள் தீயைப் பற்றவைப்பதில்லை. அது இக்னைட்டரின் வேலை.