ஒரு வருடம் வெளிநாட்டில் வரலாறு படிக்க ஏஜெண்டுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். மகள் ஏ லெவல் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பள்ளிப் படிப்பு) கடைசி வருடம். வரலாறு படிக்க வேண்டும், அதிலும் ஒரு வருடம் வெளிநாட்டில் படிக்கும் 4 வருடப் பட்டம்தான் வேண்டும் என்கிறாள். அந்த வருடத்துக்கும் முழுக் கட்டணம் கட்ட வேண்டுமா? ஐரோப்பாவில் நல்ல பல்கலைக்கழகத்தில் இப்போதே இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லி ஒருவர் 1,200 பவுண்டு கேட்கிறார். கொடுக்கலாமா? மகளுக்குத் தமிழும் ஆங்கிலமும் தவிர வேறு மொழி தெரியாது.

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

அவர் விற்கும் இடம் இன்றைய தேதியில் கிடையாது. உங்கள் மகள் சேரப்போகும் பல்கலைக்கழகமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் மாணவர்களை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் போட்டிருக்கும். இங்கிருந்து சிலர் அங்கே போவார்கள், அங்கிருந்து சிலர் இங்கே வருவார்கள். அதனால்தான் அங்கே படிப்புக் கட்டணம் கேட்பதில்லை. யார் எங்கே போவது என்பது பொதுவாக இரண்டாம் வருடத்தில்தான் முடிவாகும். மகள் தன் விருப்பங்களை வரிசையாக எழுதிக் கொடுப்பாள், மார்க்கைப் பார்த்து ஒதுக்குவார்கள், பல்கலைக்கழகமே அவள் பெயரை அங்கே அனுப்பும். இதில் வெளியாள் நுழைய வழியே இல்லை. இந்த வேலையைச் செய்யப் பல்கலைக்கழகத்திலேயே ஓர் அலுவலகம் இருக்கிறது, அதற்குத் தனியாகப் பணம் வாங்குவதும் இல்லை.

அப்படியென்றால் 1,200 பவுண்டு வாங்கிக்கொண்டு இந்த ஆட்கள் என்னதான் செய்கிறார்கள்? சிலர் ஒன்றும் செய்வதில்லை. சிலர் செய்வது அதைவிட மோசம். மாணவரை ஒப்பந்தத்துக்கு வெளியே, முழுக் கட்டணம் கட்டும் தற்காலிக மாணவராக எங்கோ சேர்த்துவிடுவார்கள். அங்கே கட்டிய பணம் போனது போனதுதான், அங்கே எடுத்த மார்க்கை இங்கே ஏற்க வேண்டிய கடமையும் யாருக்கும் இல்லை. 'எங்களுக்கு அங்கே ஆள் இருக்கிறது' என்று யாராவது ஆரம்பித்தால் போனை வைத்துவிடுங்கள்.

கட்டணத்துக்கு வருவோம். ஹோம் ஃபீஸ், அதாவது உள்நாட்டு மாணவர் கட்டணம் கட்டுபவருக்கு, முழுக் கல்வியாண்டும் வெளிநாட்டில் இருந்தால், இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் வாங்கக்கூடியது உச்சக் கட்டணத்தில் 15 சதவீதம்தான். 2025-26 கணக்கில் 9,535 பவுண்டுக்குப் பதில் 1,430 பவுண்டு. கவனியுங்கள், முழு ஆண்டும் போனால்தான் இந்தச் சலுகை. ஒரே ஒரு டெர்ம் போய் வந்தால் வழக்கமான கட்டணமே கேட்பார்கள். இவ்வளவு முக்கியமான விஷயத்தைப் பல பல்கலைக்கழகங்கள் இணையதளத்தில் ஏழு பக்கம் தள்ளி ஒளித்து வைத்திருக்கின்றன. ஏஜெண்டுகள் பிழைப்பதே இதனால்தான்.

செலவுக்கு ஸ்டூடண்ட் ஃபைனான்ஸ் என்னும் அரசு மாணவர் கடன் தொடரும், வெளிநாட்டுக்கென்று தனி விகிதம். லண்டனில் அறை எடுத்துப் படிப்பவருக்குக் கிடைப்பதைவிடக் குறைவு, வீட்டிலிருந்து போய்வருபவருக்குக் கிடைப்பதைவிட அதிகம். வெளிநாட்டில் படிக்கப் போகும் மாணவர்களுக்கான பிரிட்டிஷ் அரசின் டூரிங் திட்ட உதவித்தொகையை நம்பி மட்டும் பட்ஜெட் போடாதீர்கள். பல்கலைக்கழகங்கள் அதற்கு ஒவ்வொரு வருடமும் விண்ணப்பிக்க வேண்டும், கிடைக்கிறதா என்று தெரிவதற்குள் கோடை வந்துவிடும். அறை முன்பணத்தையும் விசாக் கட்டணத்தையும் அதற்கு முன்பே கட்டியாக வேண்டும். விசாவுக்குப் பண ஆதாரம் கேட்பார்கள், பண ஆதாரக் கடிதமோ விசா அப்பாயிண்ட்மெண்ட் முடிந்த பிறகு வரும். இந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் யாரும் தங்கள் பிள்ளையை இப்படி அனுப்பியதில்லை போலிருக்கிறது. 2027 முதல் பிரிட்டன் மறுபடி எராஸ்மஸில், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் சேரும் என்று அறிவித்திருக்கிறார்கள். நல்லதுதான், பணம் கைக்கு வந்த பிறகு மகிழ்ச்சி அடையலாம்.

பாஸ்போர்ட் விஷயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் ஐரோப்பாவுக்குச் சுற்றுலாப் பயணியாகப் போனால் 180 நாளில் 90 நாள்தான், ஆகவே ஒரு வருடத்துக்கு மாணவர் விசா வேண்டும். ஆனால் நம்மவர்களில் பலர் பிரான்ஸிலோ ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ குடியுரிமை வாங்கிவிட்டு இங்கே வந்தவர்கள். மகளிடம் அப்படி ஒரு பாஸ்போர்ட் இருந்தால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு விசாவே தேவையில்லை. அந்தப் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் அங்கே நுழைய வேண்டும். இங்கே அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்பதையும் பாருங்கள். செட்டில்ட் ஸ்டேட்டஸ் (பிரெக்ஸிட்டுக்குப் பின் ஐரோப்பியக் குடிமக்களுக்குத் தந்த நிரந்தரமாகத் தங்கும் உரிமை) என்றால் ஒரு வருடம் வெளியே இருப்பதால் ஒன்றும் ஆகாது, தொடர்ந்து 5 வருடம் வெளியே இருந்தால்தான் அது போகும். ப்ரீ-செட்டில்ட், அதாவது அதற்கு முந்தைய தற்காலிக நிலை என்றால் வெளியே இருக்கும் நாட்கள் கணக்கில் வரும். படிப்பு ஏற்கத்தக்க காரணம்தான், ஆனாலும் பல்கலைக்கழகத்தின் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். தகுதி வந்திருந்தால் புறப்படும் முன்பே செட்டில்ட் வாங்கிவிடுவது நல்லது. அயர்லாந்துக்குப் போனால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை.

மொழி பெரிய தடை இல்லை. டப்ளினிலும் கனடாவிலும் ஆங்கிலம்தான். நெதர்லாந்தில் ஆங்கிலத்தில் நடக்கும் வரலாற்றுப் பாடங்கள் நிறைய உண்டு. ஆனால் ஊரைப் பார்த்து இடம் தேடாமல், கடைசி வருட ஆய்வுக் கட்டுரையை மனதில் வைத்துத் தேடச் சொல்லுங்கள். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணம் டச்சுக்காரர் கையில் இருந்ததே, அந்தக் காலத்து டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்கள் நெதர்லாந்தின் ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பக்கத்து ஊரான லைடனில் படித்தால் ரயிலில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். பாண்டிச்சேரியின் பிரெஞ்சு ஆவணங்கள் பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில், தரங்கம்பாடி மிஷனரிகளின் கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலேயில். அவற்றைப் படிக்க அந்தந்த மொழி கொஞ்சமாவது வேண்டும், முதல் இரண்டு வருடத்தில் பல்கலைக்கழக மொழி வகுப்பில் சேரட்டும்.

மார்க்கைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் அந்த வருடத்தைத் தேறினால் போதும், சில இடங்களில் மார்க்கை மாற்றிப் பட்டத்தில் சேர்ப்பார்கள். பிரான்ஸில் 20-க்கு 14 என்பது நல்ல மார்க், அங்கே 20-க்கு 20 கிடைப்பது அபூர்வம். அந்த ஊர் மார்க்கை யாராவது வெறுமனே 5-ஆல் பெருக்கி நூறுக்குக் கணக்குப் போட்டால் மகளுக்கு நஷ்டம் வரலாம். பல்கலைக்கழகத்தைப் பார்க்க அழைக்கும் ஓப்பன் டேயில், மார்க்கை மாற்றும் அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாம் வருடத்தில் எத்தனை சதவீதம் எடுத்தால் அனுப்புவார்கள் என்றும் கேளுங்கள், பல இடங்களில் 60 கேட்கிறார்கள். பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் யூகாஸில் 3 வருடப் பட்டத்தைப் போட்டுவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ள முடியுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் முடியும் என்பார்கள். அதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.