எறும்பு வளர்ப்பு: மருந்து படாமல் காப்பது எப்படி? (கேள்வி பதில்)

கிருஷ்ணகிரியில் ஒன்பது வருடமாகக் கட்டெறும்பு வளர்க்கிறேன். பூச்சிமருந்து பட்டு எறும்பு சாவது பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, நேற்று ராத்திரிவரை நன்றாக இருந்த எறும்புகள் காலையில் மல்லாந்து கிடந்து காலை உதறுகின்றன. தீனி மாற்றவில்லை. ஊர் ஓசூர்.

அறையில் கொசு லிக்விட் மெஷின் ஓடுகிறதா தம்பி? ஓடினால் உடனே அணைத்துவிடுங்கள். அதிலிருக்கும் டிரான்ஸ்ஃப்ளூத்ரின் வகை மருந்து கொசுவின் நரம்பைத் தாக்குவது. எறும்பும் பூச்சிதானே, தப்பாது. என் முதல் எறும்புக் கூட்டம் இப்படித்தான் போனது. நான் ஊரில் இல்லாத ஒரு மழைநாளில் ஜன்னலைச் சாத்திவிட்டு மெஷினைப் போட்டிருக்கிறார்கள். வந்து எறும்புகள் குடியிருந்த டெஸ்ட் டியூபைத் தூக்கிப் பார்த்தால் ராணி ஒருக்களித்துக் கிடக்கிறாள், உணர்கொம்பு மட்டும் துடிக்கிறது. நிற்கவே முடியாத ஒரு வேலைக்கார எறும்பு அவள் வயிற்றை நக்கிக்கொண்டே இருந்தது. இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கூட்டைக் காற்றோட்டமான வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். புது டியூபில் தண்ணீர், புதுப் பஞ்சு வைத்து, பழைய டியூபோடு வாய்க்கு வாய் சேர்த்து ஒட்டுங்கள். புதியதில் கறுப்புத் துணி சுற்றி, பழையதை வெளிச்சத்தில் விட்டால், நடக்க முடிகிறவை தாமே மாறிக்கொள்ளும். மற்றவற்றை மெல்லிய பிரஷ்ஷால் எடுத்து விடுங்கள். கழுவ வேண்டாம். ஓரிரு நாள் சர்க்கரைத் தண்ணீர் மட்டும் போதும்.

பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்தில் வெட்டுக்கிளி பிடித்துப் போடுகிறேன். வெந்நீரில் முக்கிப் போட்டால் சரியா?

சரியில்லை. வெந்நீரில் ஒட்டுண்ணி சாகும், பூச்சியின் உடம்பில் ஏறிய மருந்து போகாது. தக்காளி மட்டுமல்ல, பூவெடுக்கும் தை, மாசியில் மாந்தோப்புப் பக்கமும் போகாதீர்கள். தத்துப்பூச்சிக்கு இமிடாக்ளோபிரிட் அடிக்கும் நேரம் அது.

எறும்புக்கு இரண்டு வயிறு. ஒன்று தனக்கு, இன்னொன்று ஊருக்கு. ஊர் வயிற்றில் சேர்த்ததை வாயோடு வாய் வைத்துப் பகிர்ந்துகொள்ளும். ஒன்று தின்ற விஷம் ராணிவரை, புழுக்கள்வரை போவது இப்படித்தான். தீனிக்குத் தவிட்டில் மீல்வார்ம் என்ற புழுவை நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள். ஒரு டப்பா போதும். ஈரத்துக்குப் போடும் கேரட்டைத் தோல் சீவிப் போடுங்கள்.

நாய்க்கு உண்ணி மருந்து விட்ட கையோடு கூட்டைத் தொட்டுவிட்டேன் சார்.

அந்த மருந்தின் அட்டையைப் பாருங்கள். ஃபிப்ரோனில் என்று இருந்தால், எறும்பைக் கொல்ல வைக்கும் இரையிலும் கலப்பது அதேதான். உடனே சாகாது, அதனால் பலருக்குக் காரணமே பிடிபடுவதில்லை. தொட்டது டியூபின் வெளிப்பக்கம் என்றால் சோப்புத் தண்ணீர்த் துணியால் துடையுங்கள். பஞ்சைத் தொட்டிருந்தால் கூட்டையே மாற்றுங்கள். எறும்புக்கென்று தனி இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். கொசுவிரட்டி கிரீம் தடவிய கைக்கும் இதேதான்.

பாச்சை உருண்டை போட்ட பீரோமேல் வைக்கலாமா?

வேண்டாம். அந்த நெடியே விஷம்.

தெருவில் கொசுப்புகை வண்டி வந்தால்?

ஜன்னலைச் சாத்தி, கூட்டை மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டாது. புகை அடங்கி, வீட்டில் நன்றாகக் காற்று ஓடியபின் வெளியே எடுங்கள்.

மருந்து பட்ட பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூட்டைக் கழுவித் திரும்ப வைக்கலாமா? கையால் செய்தது அண்ணா.

கண்ணாடி என்றால் சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயவைக்கச் சொல்லியிருப்பேன். பிளாஸ்டர் உறிஞ்சிக்கொள்ளும், கழுவினாலும் உள்ளே தங்கும். தூக்கிப்போட மனசு வராது, தெரியும். ஆனால் அடுத்த ராணியை அதில் விடாதீர்கள்.